இரண்டு முழம், அறுபது அடி

எங்கள் சலவை ஆலையில் சூட்டைப் பற்றிப் பேச எல்லோருக்கும் உரிமை உண்டு. கையெழுத்துப் போடும் உரிமை ஒருத்திக்கு மட்டும்தான். பாய்லரம்மா என்று கூப்பிடுவோம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி, அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பர்னருக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறாள். அவள் வராத அன்று பாய்லர் எரியாது. பாய்லர் எரியாவிட்டால் ஆவி இல்லை. ஆவி இல்லாவிட்டால் நான்கு ஆஸ்பத்திரிகளின் நோயாளிகள் வெறும் மெத்தையில் படுக்க வேண்டியதுதான்.

நான் அங்கே கிழிசல் தைக்கிறவன். துவைத்த விரிப்புகளில் கிழிந்ததெல்லாம் என் மேஜைக்கு வரும். ஊசி என்று எனக்குப் பெயர். தொழிலை வைத்து வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். நாக்கை வைத்து வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். என் மேஜை இஸ்திரிக் கூடத்தின் மூலையில் இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு வாயை மட்டும் சும்மா வைத்திருக்க எந்த மனிதனாலும் முடியாது.

கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு உருளை இஸ்திரிகள். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் விளிம்பை நிமிர்த்தி உள்ளே கொடுப்பார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் சுடச்சுட வாங்கி மடிப்பார்கள். தலைக்கு மேலே பாய்லர் அறையிலிருந்து வரும் ஆவிக்குழாய் கூடத்தின் நீளத்துக்கு ஓடும். எல்லோர் கழுத்திலும் ஒரு ஈரத்துண்டு இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை அதை நனைக்கப் போவார்கள், திரும்பி வருவதற்குள் பாதி காய்ந்திருக்கும்.

அந்த வருஷம் வெயில் ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிட்டது. போக வேண்டிய மாதத்திலும் போகாமல் அழையா விருந்தாளி மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, உருளைக்கு விரிப்புக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி கண் சொருகி அப்படியே சாய்ந்தாள். சாய்ந்தவளின் முன்கை சூட்டுத் தகட்டில் பட்டது. நான் கத்திய கத்தலில் பாய்லர் அறையிலிருந்து பாய்லரம்மா ஓடி வந்தாள். விழுந்தவள் அவளுடைய நாத்தனார்.

அண்ணன், அண்ணி, நாத்தனார் மூன்று பேரும் ஒரே வீடு. எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு செங்கல் சுவர் என்று பெயருக்கு இருக்கிறது; அங்கே கரண்டி விழுந்தால் நான் இங்கே குனிவேன். அண்ணன்காரர் எண்ணெய் லாரி ஓட்டுகிறவர். சௌக்கியமா என்று கேட்டால்கூட "பன்னெண்டாயிரம்" என்று அன்றைய சுமையைத்தான் சொல்லுவார். அதனால் லிட்டர் என்று பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் ஆலைப் பாய்லருக்கு எண்ணெய் கொண்டுவருவதும் அவர்தான். புருஷன் கொண்டுவர, பெண்டாட்டி அளவுக் கம்பியைத் தொட்டிக்குள் விட்டு அளந்து, கையெழுத்துப் போட்டு வாங்க, தங்கை அந்தச் சூட்டில் இஸ்திரி போட, குடும்பமே ஒரு குழாயில் ஓடிக்கொண்டிருந்தது.

கை வெந்தது வெளியே தெரிந்ததும் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கூடத்தில் வெப்பம் எவ்வளவு, அதற்குக் காரணம் என்ன, பாய்லர் இயக்குபவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும், வரும் திங்களன்று ஆய்வாளர் நேரில் வருவார். முதலாளி அதை எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்கே வந்துவிட்டார். அவர் அங்கே வருவது வருஷத்துக்கு ஒருமுறைதான்.

"காரணம்னு போட்டிருக்குல்ல, அங்க 'வெளி வெயில்'னு எழுதிடும்மா. உலகமே வேகுது, நம்ம கூடம் மட்டும் குளுகுளுன்னு இருக்குமா?"

பாய்லரம்மா கைத்துணியில் விரலைத் துடைத்தாள். "போன வருஷம் எண்ணெயக் குறைக்க ஒரு திட்டம் எழுதிக் குடுத்தேன். அப்ப உலகம் சூடாவறதெல்லாம் கட்டுக்கதைன்னு சொன்னீங்க ஐயா."

"அது போன வருஷம்" என்றார் முதலாளி.

அவருக்கு அவசரம் இருந்தது. இரண்டாவது பாய்லர் வைக்க அனுமதி கேட்டிருந்தார். இருக்கிற பாய்லர் மேல் ஒரு சொல் வந்தால் அது நின்றுபோகும். புதுப் பாய்லர் வந்துவிட்டால் லிட்டருக்கு மாதத்தில் இரண்டு நடை நான்கு நடையாகும். அதை லிட்டரிடம் முதலாளி முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார். எழுத மறுத்தால் சான்றிதழ் உள்ள வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. எங்கள் கட்டிடத்தில் வெயில் எட்டாத ஒரே இடம் மாடிப்படித் திருப்பம். எல்லோரும் தட்டோடு அங்கே வந்துவிட்டோம். சோறு, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு. நாத்தனாருக்குக் கட்டுப் போட்ட கை, இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள். நான் மேல் படியில்.

லிட்டர்தான் ஆரம்பித்தார். "ஒரு வார்த்த. வெளி வெயில். பொய்யா அது? வெளியில வெயில் இல்லையா?"

"இருக்கு."

"அப்ப எழுது."

"இருக்குங்கறது வேற, அதுதான் காரணம்ங்கறது வேற."

"பூமி முன்னாடியும் சூடாச்சு, ஆறிச்சு. பனியெல்லாம் வந்துச்சு, போச்சு. அப்ப எந்த லாரி ஓடிச்சு? நானா ஓட்டினேன்?"

பாய்லரம்மா உருளைக்கிழங்கை அவர் தட்டில் தள்ளினாள். "மழை பேஞ்சாலும் வீடு ஒழுகும், குழாய் ஒடஞ்சாலும் வீடு ஒழுகும். போன வருஷம் மழையில ஒழுகிச்சேன்னு இந்த வருஷம் ஒடஞ்ச குழாய அடைக்காம விட்டுருவீங்களா? ஒழுகற அன்னிக்கு மழையே இல்லன்னா எங்க போய்ப் பாப்பீங்க?"

"சூரியன்தான் சுடுது, குழாயா சுடுது?"

"சூரியன் அதே சூரியன்தான். நாம எரிக்கிறதுல ஒரு புகை போகுது பாருங்க, கறுப்பா தெரியறதச் சொல்லல, கண்ணுக்கே தெரியாதது. அது மேல போயி போர்வையாட்டம் நிக்குது. கீழ இருந்து கிளம்பற சூட்ட வெளிய விடாது. போர்வை சுத்த வேண்டிய ஆவிக்குழாய்ல ஒண்ணும் சுத்தல. சுத்தக் கூடாத வானத்துல சுத்தியாச்சு."

நான் கைதட்டினேன். லிட்டர் என்னை அண்ணாந்து பார்த்தார். "ஊசி, நீ முட்டையத் தின்னு." பிறகு அவளிடம் திரும்பினார். "நீ திங்கிற முட்டை எதுல வந்துச்சு? இவ கைக்குப் போட்ட மருந்து எதுல வந்துச்சு? எண்ணெய்ல. நாளைக்கு எண்ணெய் வேணாம்னா நாளன்னிக்கு ஊரே பட்டினி."

"நாளைக்கே வேணாம்னு யார் சொன்னா? ஆலைக்கூரை முழுக்கச் சும்மா வெயில் காயுது. அங்க தண்ணி காய்ச்சற குழாய் போட்டா, பச்சத்தண்ணி பாய்லருக்குள்ள போறப்பவே பாதி கொதி கொதிச்சிருக்கும். உருளைய விட்டு வர்ற ஆவி ஆறித் தண்ணியாகுது, அதத் தொட்டா கை வெந்துரும், அதச் சாக்கடையில விடறோம். விட்டுட்டு திரும்பவும் பச்சத்தண்ணியப் புடிச்சுக் காய வைக்கிறோம். இத வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"மழை நாள்ல என்ன பண்ணுவ?"

"எண்ணெய எரிப்பேன். வருஷத்துல எத்தன நாள் மழை?"

"பேட்டரி, சோலார் தகடு இதுக்கெல்லாம் பூமியத் தோண்டலையா?"

"தோண்டணும்தான். அதுலயும் பாவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஒரு தடவ தோண்டி இருவது வருஷம் வச்சுக்கறதும், தினம் தோண்டி தினம் கொளுத்தறதும் ஒண்ணா?"

லிட்டர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். "எல்லாம் சரி. என் பொழப்பு? இருவத்திரெண்டு வருஷம் ஸ்டீரிங் புடிச்சு இடுப்பு போச்சு. இனிமே நான் என்ன கத்துக்கறது? நீ பேசற பேச்சுல என் பேரு எங்கயாவது வருதா?"

அது எனக்கும் உறைத்தது. பாய்லரம்மா அவருடைய தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள். "அண்ணி, வெயில்னே எழுதிடுங்க அண்ணி."

"நீயுமா? வெந்தது உன் கைடி."

"அதுக்குத்தான் சொல்றேன். குழாய்னு எழுதினா குழாயப் பாப்பாங்க. பாத்தா அந்த ரெண்டு முழம் வெளிய வரும்."

லிட்டருக்குப் புரியவில்லை. நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். போன மழைக்காலத்தில் சாப்பாட்டு அறையிலிருந்த அடுப்பை முதலாளி எடுத்துவிட்டார். ஆறின சோறு தொண்டையில் இறங்கவில்லை. கூடத்தின் கோடியில் ஆவிக்குழாய் சுவரோரமாகக் கீழே இறங்கும் இடத்தில், சூடு வெளியே வராமல் அதைச் சுற்றியிருந்த தகரத்தையும் கண்ணாடிப் பஞ்சையும் பெண்கள் இரண்டு முழத்துக்கு அறுத்து எடுத்துவிட்டார்கள். வெறுங்குழாயில் டப்பாக்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டால் சாப்பாட்டு மணிக்குள் சோறு ஆவி பறக்கும். அறுத்த கத்தி நாத்தனாருடையது. அந்த இரண்டு முழத்தில் என் டப்பாவும் தினம் தொங்கியது என்பதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு நம்ம தலையில கட்டிருவாங்க அண்ணி. வேலை போயிரும்."

வீடு முழுக்க ஒரு பக்கம், அண்ணி மட்டும் ஒரு பக்கம். பாய்லரம்மா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். திங்கள் காலை புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியிறங்கிப் போனார்கள்.

ஆய்வாளர் பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். கூடத்துக்குள் கால் வைத்ததுமே மூக்குக்கண்ணாடி மூடுபனியாகிவிட்டது. அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வெப்பமானியை நடுத்தூணில் மாட்டினார், இன்னொன்றை வெளியே நிழலில் வைத்துவிட்டு வந்தார். உள்ளே நாற்பத்தேழு. வெளியே நாற்பது.

"பாத்தீங்களா, வெளியவே நாப்பது" என்றார் முதலாளி. "இயற்கை. யார என்ன சொல்ல முடியும்? எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. மேல பாருங்க, குழாய் முழுக்கத் தகரம் சுத்தியிருக்கு."

மேலே குழாய் வெள்ளி மாதிரிப் பளபளத்தது. ஆய்வாளரும் அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தார். முதலாளிக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. கூடத்துக் கோடிக்குக் கையைக் காட்டினார்.

"தப்புன்னா ஒண்ணே ஒண்ணு. அங்க பாருங்க. தொழிலாளிங்களே குழாயப் பிரிச்சு சோறு சுட வைக்கிறாங்க. சூட்ட வெளிய விட்டது அவங்க. மயக்கம் வந்துச்சுன்னா அவங்க செஞ்ச வினை."

பன்னிரண்டு டப்பாக்கள் அங்கே பாவமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெண்ணும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு வந்திருந்த நாத்தனாரின் முகம் செத்துப்போயிருந்தது. நான் மேஜையை விட்டு எழுந்தேன். ஆனால் என் டப்பாவும் அங்கே தொங்கும்போது நான் என்ன வாய் பேசுவது?

பாய்லரம்மா முன்னால் வந்தாள். "ஆமா. நாங்கதான் பிரிச்சோம்" என்றாள்.

முதலாளியே எதிர்பார்க்கவில்லை. "கேட்டுக்குங்க" என்றார் ஆய்வாளரிடம்.

"நல்லா கேட்டுக்குங்கம்மா. ரெண்டு முழம். அளந்தும் பாத்துக்கலாம். ஆறின சோறு திங்க முடியாமப் பிரிச்சோம், அது தப்புதான், கட்டிர்றோம். மீதி அறுபது அடியப் பிரிச்சது யாரு?"

"என்ன அறுபது அடி? தகரம் சுத்தியிருக்குன்னு இப்பதான்..."

"ஊசி அண்ணே, ஒரு கிழிசல் குடுங்க."

என் குவியலிலிருந்து ஒரு விரிப்பை உருவிக் கொடுத்தேன். அவள் அதை வாளியில் முக்கி, ஒட்டடைக் கம்பின் நுனியில் சுற்றி, மேலே தூக்கிக் குழாயில் வைத்தாள். உஸ்ஸென்று கூடம் முழுக்கக் கேட்டது. துணியிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. பத்தடி தள்ளி வைத்தாள், அங்கேயும் உஸ். இன்னும் பத்தடி. கம்பை இறக்கிக் காட்டியபோது துணியில் வெள்ளிச் சாயம் ஒட்டியிருந்தது.

"அஞ்சு வருஷம் முன்னாடி ஒழுகல் அடைக்கக் கழட்டினது. திரும்பக் கட்டல. வெறுங்குழாய்க்கு வெள்ளிச் சாயம் அடிச்சு வச்சிருக்கு. தகரம் இல்லம்மா, பெயிண்ட்டு."

முதலாளி குரலை உயர்த்தினார். பாய்லர் ஓட்டுகிறவளுக்கு இது அஞ்சு வருஷமாகத் தெரியாதா, ஏன் சொல்லவில்லை என்றார். நியாயமான கேள்விதான்.

"மூணு தடவ சொன்னேன், அப்புறம் விட்டுட்டேன். விட்டது என் தப்பு. அதையும் எழுதறேன்" என்றாள். பிறகு ஆய்வாளரைப் பார்த்தாள். "வெயிலா குழாயான்னு வாய்ச்சண்ட எதுக்கு? வால்வ மூடறேன். ஒரு மணி நேரம். வெயில் எங்கயும் போகாது, அது அங்கயே இருக்கும். சூடு எறங்குச்சுன்னா எது காரணம்னு தெரிஞ்சிரும்."

"ஆஸ்பத்திரித் துணி நிக்குது!" என்றார் முதலாளி.

"மூடுங்க" என்றார் ஆய்வாளர்.

அவள் பாய்லர் அறைக்குப் போய்ப் பெரிய வால்வின் சக்கரத்தை இரண்டு கையாலும் திருகி மூடினாள். உருளைகள் நின்றன. வேலைக்குச் சேர்ந்த பதினாறு வருஷத்தில் வேலை நேரத்தில் அந்தக் கூடம் வாயை மூடி நான் பார்த்ததில்லை. பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். முதலாளி நடந்தார், உட்கார்ந்தார், திரும்ப நடந்தார். ஆய்வாளர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினார். நாற்பத்தாறு. நாற்பத்துநான்கு. ஒரு மணி நேரம் ஆனபோது உள்ளே நாற்பத்தொன்று, வெளியே அதே நாற்பது.

"ஆறு டிகிரி வெயில் இல்ல, உங்க ஆவி" என்றார் ஆய்வாளர் முதலாளியிடம்.

"மீதி நாப்பதும் சும்மா வரலம்மா" என்றாள் பாய்லரம்மா. "ஊர் ஊருக்கு இப்படி ஒரு குழாய் இருக்கு."

"அதுக்கு இந்தப் படிவத்துல இடம் இல்லம்மா" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

பாய்லரம்மா என் மேஜையில் படிவத்தை வைத்து எழுதினாள். பக்கத்திலிருந்து நான் படித்தேன். காரணம் என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: 'குழாயைத் திறந்து வைத்தது. நாங்கள் இரண்டு முழம், முதலாளி அறுபது அடி. தெரிந்தும் பேசாமல் இருந்தது நான்.' கீழே கையெழுத்து, அதற்கும் கீழே சான்றிதழ் எண். குழாயைச் சுற்றும்வரை ஆவி விடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆய்வாளர் போனார்.

அவருடைய வண்டி தெருமுனை திரும்பியிருக்காது, வாசலில் லாரி ஹார்ன் அடித்தது. லிட்டர் சுமையோடு வந்துவிட்டார். லாரி முற்றத்துக்குள் வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. தொட்டியில் அடிமட்டம்தான் இருந்தது. முதலாளி நேராக லாரியிடம் போனார். நாங்கள் எல்லோரும் கதவோரம் வந்து நின்றோம்.

"இறக்கு. சாயங்காலம் பாய்லர ஓட்டியாகணும். ஓட்டறதுக்கு வேற ஆளச் சொல்லிட்டேன்."

லிட்டர் இறங்கி, ரப்பர்க் குழாயை எடுக்கப் போனவர் நின்றார். "அளக்கணுமே. அவ எங்க?"

"நான் கையெழுத்துப் போடறேன். ஆலை என்னுது."

"ஆலை உங்களுதுங்க. கம்பி அவளுது" என்று சொல்லிவிட்டு லிட்டர் எங்கள் பக்கம் பார்த்தார். பாய்லரம்மா முற்றத்தில் இறங்கி வந்தாள். நேற்று மதியத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"என்ன எழுதின?"

அவள் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

"நம்ம ரெண்டு முழத்தையுமா எழுதின?"

"எழுதினேன்."

"உன்னையும் சேத்து?"

"ஆமா."

"பைத்தியக்காரி" என்றார் லிட்டர். கோபத்தில் சொன்னாரா, வேறெதிலாவது சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. கதவோரம் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற தங்கையைப் பார்த்தார். பிறகு ரப்பர்க் குழாயைத் திரும்ப அதன் கொக்கியில் மாட்டினார்.

"ஐயா, எண்ணெய யாராவது தப்பாப் பேசினா சண்டைக்குப் போறவன் நான். நேத்து வீட்டுலயே போட்டேன், நாளைக்கும் போடுவேன். ஆனா இவ்வளவு தூரம் நான் இடுப்பு ஒடியக் கொண்டாரது, சாயம் அடிச்ச வெறுங்குழாய்ல போயி என் தங்கச்சியச் சுடறதுக்கு இல்ல. அவ கம்பி விட்டு அளக்காம ஒரு சொட்டு இறங்காது."

"இப்ப திருப்பிக்கிட்டுப் போனா இனிமே உன் லாரி இந்தக் கேட்டுக்குள்ள வராது."

"வராது" என்று ஒப்புக்கொண்டார் லிட்டர்.

ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். எங்கள் முற்றத்தில் லாரியைத் திருப்ப இடம் கிடையாது. இறக்கிவிட்டு, காலி வண்டியைத்தான் எப்போதும் பின்னால் எடுப்பார். இன்று பன்னிரண்டாயிரம் லிட்டர் வயிற்றில் தளும்பிக்கொண்டிருந்தது. பாய்லரம்மா லாரிக்குப் பின்னால் போனாள். உள்ளங்கையால் லாரித் தொட்டியின் பக்கத்தைத் தட்டித் தட்டிக் குரல் கொடுத்தாள். "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்க... இன்னும் ஒடிங்க..." இஸ்திரிக் கூடத்துப் பெண்கள் போய் வாசலின் இரண்டு பக்கமும் நின்று, தெருவில் வந்த வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தினார்கள். நானும் போனேன். நிறைந்த லாரி ஒன்று அந்த வாசலை விட்டு வெளியே போனதை அன்றைக்குத்தான் பார்த்தோம். முதலாளி முற்றத்தின் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பாதி வண்டி வாசலைத் தாண்டியபோது லிட்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"வேலை ரெண்டு பேருக்கும் போச்சு. நாளைக்கு என்ன பண்றதாம்?"

"மொதல்ல கேட்டுல இடிக்காம வெளிய வாங்க" என்றாள் பாய்லரம்மா.